சேர்ந்தார், வெளியேறினார், மறுபடி சேர்ந்தார்

நண்பர்கள் பேசிக்கொள்ள நான் எழுதிய அரட்டைச் செயலி ஒன்று இருக்கிறது. உலாவியில் திறந்தால் போதும், எதையும் நிறுவ வேண்டாம். முப்பத்துச் சொச்சம் பேர் இருக்கிறோம். எழுதியவன் நான், சர்வரைப் பார்த்துக்கொள்பவன் நான், புகார்ப் பெட்டியும் நான்தான். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை 'பராமரிப்புப் பணி, 10 நிமிடம்' என்று அறிவிப்புப் போட்டுவிட்டு உட்காருவேன். சர்வர் தன் நடப்பை எழுதிவைக்கும் பழைய லாக் கோப்புகளைத் துடைப்பது, பிறர் எழுதி நான் எடுத்தாளும் லைப்ரரிகளைப் புதுப்பிப்பது, ஒன்றிரண்டு பக் (நிரல் பிழை) பிடிப்பது. அந்தப் பத்து நிமிடம் இதுவரை பத்து நிமிடத்தில் முடிந்ததில்லை.

போன மாதம் சிக்கியது ஓர் எழுத்துப் பக். படம் வைக்காதவர்களுக்குப் பெயரின் முதல் எழுத்தை வட்டத்துக்குள் காட்டுவோம் இல்லையா, அது. உலாவிக்கு நிரல் எழுதும் மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டிடம் முதல் எழுத்தைக் கேட்டால், எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு கணக்கில் ஒன்றை மட்டும் கிள்ளித் தரும். 'கீ' நமக்கு ஓர் எழுத்து. அதற்கு 'க' தனி, மேலே இருக்கும் சுழி தனி. ஆக கீதா, குமார், கோபு என்று யார் வந்தாலும் 'க', 'க', 'க'. அறையே காக்கைக் கூட்டம் மாதிரி இருந்தது. எழுத்தை முழுசாகப் பிரித்துத் தர உலாவியிலேயே இருக்கும் செக்மென்ட்டரைப் பயன்படுத்தியதும் அவரவருக்கு உரிய கொம்பும் காலும் முளைத்துவிட்டன. அந்த உற்சாகத்தில் வேறு சில இடங்களிலும் கை வைத்தேன். அது பின்னால் வருகிறது.

இந்த மாதம் ஒரு நண்பர் எழுதியிருந்தார்: "உன் ரூம்ல யாரோ கதவைத் திறந்து திறந்து மூடிக்கிட்டே இருக்காங்க. என்னன்னு பாரு."

போய்ப் பார்த்தேன். ஒரு திரைக்கு 22 வரி. அதில் மனிதர்கள் பேசியது மூன்று. மீதி எல்லாம் 'இன்னார் வெளியேறினார்', 'இன்னார் சேர்ந்தார்'. சேர்ந்தவரை ஒருவர் "வாங்க வாங்க" என்று வரவேற்றிருக்கிறார். அவர், "நான் எங்கேயும் போகலையே" என்றிருக்கிறார். அடுத்த வரியிலேயே 'வெளியேறினார்'.

சரி என்று செயலியைத் திறந்து வைத்துக் கண்கொட்டாமல் உட்கார்ந்தேன். அரை மணி நேரம். ஒன்றும் நடக்கவில்லை. வெறுத்துப்போய் வேறு தாவலில் எதையோ படித்துவிட்டுத் திரும்பி வந்தால், நானே நான்கு முறை வெளியேறி நான்கு முறை சேர்ந்திருக்கிறேன். ஆள் பார்க்கும்போது சாதுவாகப் படுத்திருந்து, தலையைத் திருப்பியதும் பால் சட்டியில் வாய் வைக்கும் பூனை.

பூனையைப் பிடிக்க இரண்டு மடிக்கணினிகளை அருகருகே வைத்தேன். ஒன்றில் செயலி, பின்னணித் தாவலில். இன்னொன்றில் சர்வர் லாக் ஓடுகிறது. முதல் ஐந்து நிமிடம் 25 நொடிக்கு ஒரு முறை ஒழுங்காக ஒரு வரி வந்தது. அப்புறம் நின்றது. 30 நொடி. 40. நானே மூச்சைப் பிடித்துக்கொண்டேன். 45-ல் 'வெளியேறினார்'. கொஞ்ச நேரத்தில் 'சேர்ந்தார்'.

விஷயம் இதுதான். ஒவ்வொருவருடைய உலாவியும் 25 நொடிக்கு ஒரு முறை "உயிரோடு இருக்கிறேன்" என்று சர்வருக்குச் சொல்ல வேண்டும். குறித்த நேரத்துக்குள் சத்தம் வரவில்லையென்றால் சர்வர் காரியம் பண்ணிவிடும். ஆனால் 2021 தொடக்கத்தில் வந்த 88-வது பதிப்பிலிருந்து குரோம் ஒரு வழக்கம் வைத்திருக்கிறது: மறைந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகி, ஒலி எதுவும் இல்லாமல் கிடக்கும் தாவலில் நொடி எண்ணும் டைமரை நிமிடத்துக்கு ஒரு தடவைதான் எழுப்பும். பேட்டரி மிச்சமாகும். நிமிடத்துக்கு ஒரு முறை வாய் திறக்கிறவனுக்கு 45 நொடிதான் கெடு என்றால் எப்படிப் பிழைப்பான்?

அந்த 45-ஐ யார் வைத்தது என்று தேடினேன். போன மாதம் வரை அது 90. காக்கைகளைத் துரத்திய அதே ஞாயிற்றுக்கிழமை, "90 எதற்கு, அதில் பாதி போதுமே" என்று நானே சிக்கனம் பண்ணியிருக்கிறேன்.

மறுபடி 90 ஆக்கிவிட்டுத் தூங்கப் போயிருக்கலாம். ஆனால் உலாவியும் சர்வரும் இணைப்பை விடாமல் பேசிக்கொள்ள உதவும் வெப்சாக்கெட் நெறிமுறையில் 2011-லேயே பிங், பாங் என்று இதற்கென்றே இரண்டு சமிக்ஞைகள் இருக்கின்றன. சர்வர் பிங் அனுப்பினால் உலாவி தானாகவே பாங் சொல்லும். டைமர் தூங்கினாலும் கவலையில்லை. நான் அதைப் படிக்காமல் சொந்தமாக ஒன்றைக் கட்டி, அதற்கு 'இதயத்துடிப்பு' என்று கவித்துவமாகப் பெயரும் வைத்திருந்தேன். அந்த இதயத்தை எடுத்துவிட்டேன்.

எடுக்கும்போது பக்கத்தில் இன்னொரு சங்கதி தட்டுப்பட்டது. இணைப்பு அறுந்து சேரும் ஒவ்வொரு முறையும் 'செய்தி வந்தால் திரையில் காட்டு' என்கிற லிசனர் ஒன்று புதிதாக மாட்டப்படுகிறது, பழையது கழற்றப்படுவதில்லை. அப்படியானால் ஒரே செய்தி நான்கைந்து முறை வர வேண்டுமே, ஏன் வரவில்லை? கீழே போனால் விடை இருந்தது. 'ஒரே ஆள், ஒரே வாசகம், 2 நொடிக்குள் வந்தால் தூக்கிப் போடு' என்று பல காலம் முன்பு நான் போட்ட ஒட்டு. ஓட்டையை அடைக்காமல் கீழே வாளி வைத்திருக்கிறேன்.

அப்போதுதான் ஒரு பழைய புகார் நினைவுக்கு வந்தது. "நான் ரெண்டு தடவை ஹாஹான்னு போட்டா ஒண்ணுதான் போகுது" என்று ஒருவர் எத்தனையோ முறை சொல்லியிருந்தார். "உங்க நெட்வொர்க்கைப் பாருங்க" என்று நானும் அத்தனை முறையும் பதில் சொல்லியிருந்தேன். பாவம், மனுஷன் ரூட்டரையே மாற்றினார்.

லிசனரைக் கழற்றி, வாளியையும் எடுத்துவிட்டு, எல்லாம் முடியும்போது இரவு ஒன்றரை. பராமரிப்பு அறிவிப்பில் இன்னும் '10 நிமிடம்' என்றே இருந்தது.

மறுநாள் மாலை திறந்து பார்த்தேன். ஒரு 'சேர்ந்தார்' இல்லை, ஒரு 'வெளியேறினார்' இல்லை. அறை துடைத்து வைத்த மாதிரி இருந்தது. கதவுச் சத்தம் பற்றிப் புகார் சொன்ன அதே நண்பர் கேட்டிருந்தார்: "என்னடா, யாருமே வர்றதில்லையா இப்பல்லாம்? ஒரு மாசமா நல்ல கூட்டமா இருந்துச்சே."

அதற்குக் கீழே ஹாஹா, ஹாஹா, ஹாஹா. ரூட்டர் மாற்றியவர் சோதித்துப் பார்த்திருக்கிறார். எண்ணினேன், மொத்தம் பதினேழு. அன்று அறையில் வேறு யாரும் எதுவும் பேசவில்லை.