டியூப்லைட் பழுதில்லை

என் முதல் கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்தபோது, என் ரத்த அழுத்தம் 110/70 என்று பரிசோதனை அட்டையில் எழுதப்பட்டிருந்தது. ஊர் மாறிய அலைச்சலில் அடுத்த பரிசோதனைக்கு நான் போகவில்லை. இரண்டு வாரம் தள்ளிப் போய்க்கொள்ளலாம் என்று நானேதான் முடிவு செய்தேன்; இதில் வேறு யாரையும் குறை சொல்வதற்கில்லை.

முதலில் கால்கள் வீங்கின. எட்டாம் மாதத்தில் கால் வீங்காத பெண் உண்டா என்று அம்மா பார்லிக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். அம்மா சொன்னது முழுக்கத் தவறும் அல்ல. மாலையில் வீங்கி, படுத்தெழுந்தால் வடிந்துவிடும் கால் வீக்கம் கர்ப்பிணிகள் பலருக்கும் வருவதுதான். எனக்கோ காலையில் எழும்போதே முகம் உப்பியிருந்தது. வளைகாப்பன்று கலகலவென்று ஏறி இறங்கிய கண்ணாடி வளையல்கள் மூன்றே வாரத்தில் மணிக்கட்டில் அசையாமல் நின்று, தோலில் வரிவரியாகத் தடம் பதித்திருந்தன. பார்க்க வந்தவர்கள் தாய்மைப் பூரிப்பு என்றார்கள். நானும் கண்ணாடியைப் பார்த்து மகிழ்ந்துகொண்டேன்.

பிறகு தலைவலி வந்தது. பாராசிட்டமால் போட்டும் விடவில்லை என்றதும் பழியை வெயிலின் மேல் போட்டோம். மூன்றாம் நாள் இரவு, நெஞ்சுக்குழியிலிருந்து வலது விலாவுக்குக் கீழ்வரை ஒரு வலி அழுத்திப் பிடித்தது. வாயு என்று சொல்லி ஓமத் தண்ணீரும் பூண்டுப் பாலும் கொடுத்தார்கள். எனக்கு வந்த ஒவ்வொன்றுக்கும் எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு பெயரும் ஒரு கைமருந்தும் இருந்ததால், எல்லாம் ஒரே நோயின் வேலையாக இருக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை, பரிசோதனைக்கு வராதவர்களைத் தேடிப் புறப்பட்ட கிராம சுகாதார செவிலியர் எங்கள் வீட்டுக்கும் வந்தார். "தலைவலி இருக்காம்மா?" என்று கேட்டார். "லேசா இருக்கு நர்ஸம்மா" என்றேன். அவர் அதோடு விடாமல், "கண்ணு முன்னாடி மின்னுதா? பூச்சி பறக்குற மாதிரி தெரியுதா?" என்று கேட்டபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. முந்தைய நாள் மாலையிலிருந்தே சுவரில் வெள்ளிப் பொட்டுகள் மின்னி மின்னி மறைந்துகொண்டிருந்தன. டியூப்லைட் பழுதாகிவிட்டது என்று நினைத்து, அதை மாற்றச் சொல்லி அப்பாவை நச்சரித்திருந்தேன்.

கையில் பட்டையைச் சுற்றி அளந்தார்: 164/112. இடப்பக்கமாகப் படுக்க வைத்து, கால் மணி நேரம் கழித்து மீண்டும் அளந்தபோதும் 160/110. சிறுநீரில் தோய்த்த பரிசோதனைப் பட்டையில் மஞ்சளாகவே இருக்க வேண்டிய கட்டம் கரும்பச்சையாக மாறியிருந்தது. சிறுநீரில் புரதம் இறங்குவதன் அடையாளம் அது. அடுத்த நிமிடமே அவர் 108-ஐ அழைத்தார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகட்டுமே என்ற அம்மாவிடம், "அறுவை சிகிச்சை தேவைப்படலாம், எதுவும் கொடுக்காதீங்க" என்று கறாராகச் சொன்னார்.

இருபதாம் வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90-ஐத் தாண்டி, சிறுநீரில் புரதமும் வந்தால் அது முன்சூல்வலிப்பு என்பதும், 160/110-ஐத் தொட்டால் அவசர நிலை என்பதும், கண்ணில் மின்னலும் விலாவுக்குக் கீழ் வலியும் வலிப்பு நெருங்குவதைக் காட்டக்கூடும் என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தன. வாயு என்று நாங்கள் நினைத்தது கல்லீரலின் வலி.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையும், வலிப்பு வராமல் தடுக்க மெக்னீசியம் சல்பேட் ஊசியும் போட்டார்கள். நரம்பில் ஏறும்போது உடம்பெல்லாம் தீயாய்க் காந்தியது. பின்புறம் இரண்டு பக்கமும் போட்ட ஊசியின் வலியைப் பிரசவ வலியோடு சேர்த்து எண்ணலாம். அங்கிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனையில் தாய்க்கும் சேய்க்கும் அவசர சிகிச்சை தரும் சீமாங்க் மையத்துக்கு அனுப்பப்பட்டேன். வழிநெடுகச் செவிலியர் என் கையை விடவில்லை.

அங்கே முழங்காலைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பது, மூச்சை எண்ணுவது, சிறுநீரை அளப்பது என்று இரவெல்லாம் ஓயாத கவனிப்பு. மெக்னீசியம் அளவு மீறினால் முதலில் முழங்கால் துடிப்புதான் நிற்குமாம். குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்காக 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஸ்டீராய்டு ஊசிகள் போட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு ரத்தப்போக்கு; வலி இல்லையே என்று ஒரு நாள் பொறுத்திருந்து வந்திருந்தார். எதிர்க் கட்டில்காரர், குழந்தையின் அசைவு குறைந்ததும் யாரையும் கேட்காமல் ஆட்டோ பிடித்து வந்தவர். அவர்தான் எங்களில் புத்திசாலி என்று எனக்குப் பட்டது.

மூன்றாம் நாள், ரத்தம் உறைய உதவும் என் ரத்தத் தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கின. அன்றே அறுவை சிகிச்சை செய்தார்கள். 33 வாரத்தில் 1.6 கிலோ எடையோடு பிறந்த மகளைப் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவிலும், பிறகு என் மார்போடு அணைத்த கங்காரு முறையிலுமாகத் தேற்றி எடுத்தார்கள். என் வளையல்களைச் சோப்பு நீர் விட்டும் கழற்ற முடியாமல் ஏற்கெனவே உடைத்திருந்தார்கள்.

பிரசவத்தோடு இந்த நோய் தீர்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன். ஆனால் பிள்ளை பிறந்து ஆறு வாரம் வரை எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லித்தான் அனுப்பினார். எட்டாம் நாள் தலைவலி திரும்பியதும் மாத்திரை தேடாமல் நேரே மருத்துவமனைக்குப் போனேன். 150/100 இருந்தது, மருந்தின் அளவைக் கூட்டினார்கள்.

இப்போது இரண்டாம் முறை கர்ப்பமாக இருக்கிறேன். மருத்துவர் பரிந்துரைப்படி 12-ஆம் வாரத்திலிருந்து இரவுதோறும் குறைந்த அளவு ஆஸ்பிரின் எடுத்துக்கொள்கிறேன். காலையில் அளக்கும் ரத்த அழுத்தத்தை நாள்காட்டியில் குறித்து வைக்கிறேன். நேற்று மாலை மின்னழுத்தம் குறைந்து கூடத்து விளக்கு விட்டு விட்டு எரிந்தது. அடுக்களையிலிருந்து ஓடிவந்த அம்மா, விளக்கைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார்: "எனக்கும்தான் மின்னுது, உனக்கு மட்டும் இல்லையே?"