நோன்பும் உம்மாவின் கண் மருந்தும்

உம்மாவுக்குக் குளுக்கோமா இருப்பது தெரிந்து சில வருஷம் ஆகிறது. கீழக்கரையில் கேட்டால் ‘கண் பிரஷர்’ என்பார்கள். உம்மாவுக்கு வலியும் இல்லை, சிவப்பும் இல்லை. உள்ளே அழுத்தம் கூடி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டே போகும். போன பார்வை திரும்பாது. அதனால் காலையும் மாலையும் டோர்சோலமைடும் டிமோலாலும் கலந்த சொட்டு, ராத்திரி லட்டனோபிராஸ்ட் ஒரு சொட்டு. காலத்துக்கும் போட வேண்டியதுதான்.

அந்தக் கலப்புச் சொட்டு போட்ட கொஞ்ச நேரத்தில் தொண்டை கசக்கும். மற்ற மாதங்களில் உம்மா முகம் சுளித்துவிட்டு விட்டுவிடுவார்கள். ரமலானில் அது வேறு கதை. “வாய்க்குள்ள கசந்தா நோன்பு எப்படி நிக்கும்?” என்று 2024இல் யாரிடமும் சொல்லாமல் பகலில் வரும் சொட்டையே நிறுத்திவிட்டார்கள். பெருநாள் கழிந்து மதுரைக்குப் பரிசோதனைக்குப் போனோம். வலது கண்ணில் அழுத்தம் 28. வழக்கமாக 10 முதல் 21க்குள் இருக்க வேண்டியது.

அடுத்த வருஷம் ரமலானுக்கு முந்தின ஷஃபான் மாதத்திலேயே டாக்டரைப் பார்த்துவிட்டோம். இதைத்தான் எல்லோருக்கும் சொல்கிறேன்: பிறை பார்த்த பிறகு ஓடினால் நேரம் மாற்றவும் பழகவும் அவகாசம் இருக்காது. டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். கலப்புச் சொட்டு விடியலுக்கு முன் சாப்பிடும் சஹரில் நாலரை மணிக்கு, மாலையில் நோன்பு திறந்து ஆறே முக்காலுக்கு. லட்டனோபிராஸ்ட், ராத்திரி தராவீஹ் தொழுகை முடிந்து வந்து. சரியாகப் பன்னிரண்டு மணி நேர இடைவெளி வராதே என்று கேட்டேன். தினமும் அதே நேரத்துக்கு விடாமல் போட்டால் உம்மாவுக்கு இது போதும் என்றார். இது உம்மாவின் கண்ணைப் பார்த்து எழுதியது. மற்றவர்கள் அவரவர் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பகல் சொட்டு பிரச்சினை அதோடு தீர்ந்தது என்று நினைத்தோம். ஆனால் ரமலானில் உம்மா மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு குர்ஆனை எடுத்தால் பிற்பகல் அஸர் பாங்கு வரை தலை நிமிர மாட்டார்கள். கண்ணிமைப்பது குறைந்து, கண் காய்ந்து மணல் விழுந்த மாதிரி உறுத்தும். அதற்குக் கண்ணீர் மாதிரியான சொட்டை மதியமும் போடச் சொன்னார் டாக்டர். உம்மா பாட்டிலைத் தொடவே இல்லை.

சரி என்று மார்க்கம் படித்த ஆலிம்சாவிடம் கூட்டிப் போனேன். “லாத்தா, நம்ம ஷாஃபி மத்ஹபுல கண்ணு உள்ள போற வழியாவே கணக்குல வராது. ருசி தொண்டைக்கு வந்தாலும் நோன்பு முறியாது” என்றார். மத்ஹப் என்றால் மார்க்கச் சட்டத்தில் பின்பற்றும் வழிமுறை. ஹனஃபியிலும் அப்படித்தானாம், மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளில் தொண்டைக்கு எட்டினால் முறியும் என்பார்களாம். 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகாடமியும், தொண்டைக்கு வந்ததை விழுங்காமல் இருந்தால் கண் சொட்டால் நோன்பு முறியாது என்று முடிவு செய்ததைச் சொன்னார். ஒருவேளை அழுத்தம் குறையாமல் டாக்டர் மாத்திரை கொடுத்தால்? அது வயிற்றுக்குப் போவது, நோன்பை விட்டுவிட்டுப் பிறகு வேறு நாளில் பிடித்துக் களாச் செய்யலாம், குர்ஆனில் பகரா அத்தியாயம் 184ஆம் வசனத்திலேயே நோயாளிக்குச் சலுகை இருக்கிறது என்றார். நல்லவேளை, அந்த நிலை வரவில்லை.

கசப்புக்கு வழி சொன்னது ஆஸ்பத்திரி நர்ஸ். கண்ணின் மூக்கோர முனையில் சின்னத் துவாரம் இருக்கிறது. கண்ணீரும் மருந்தும் அது வழியாக மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்கும். கீழிமையை இழுத்து ஒரே ஒரு சொட்டு விட வேண்டும், ஏனென்றால் கண்ணில் ஒரு சொட்டுக்கே முழுசாக இடம் கிடையாது. உடனே கண்ணை மெதுவாக மூடி, அந்த முனையை ஆள்காட்டி விரலால் இரண்டு நிமிஷம் அழுத்திக்கொள்ள வேண்டும். மருந்தும் கண்ணிலேயே தங்கும். இன்னொரு சொட்டு இருந்தால் ஐந்து நிமிஷம் கழித்து. உம்மா அந்த இரண்டு நிமிஷத்தை ஸலவாத் ஓதிக் கணக்கு வைத்துக்கொண்டார்கள்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் எனக்கும் உம்மாவுக்கும் தினமும் சண்டை. பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தைக் கடித்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பது அவர்கள் வழக்கம். அப்படிக் குடித்தால் கொஞ்ச நேரத்துக்குக் கண் அழுத்தம் ஏறும். சுமார் ஒரு லிட்டர் தண்ணீரைச் சட்டென்று குடிக்க வைத்து அழுத்தத்தை அளந்து பார்க்கும் பரிசோதனையே கண் மருத்துவத்தில் உண்டு. அதனால் ஒரு டம்ளர், அப்புறம் நோன்புக் கஞ்சி, மஃரிப் தொழுதுவிட்டு இன்னொரு டம்ளர், இப்படியே சஹர் வரை. கஞ்சிக்கு முன்னால் சொம்பை நான் ஒளித்து வைத்த நாட்களும் உண்டு.

2025 மார்ச் 31 பெருநாள். அந்த வாரமே மதுரை போனோம். வலது கண்ணில் 17, இடது கண்ணில் 16. டாக்டர் பழைய நேரத்துக்கே திரும்பிவிடலாம் என்றார். உம்மா தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “இன்னும் ஷவ்வால் ஆறு நோன்பு கிடக்கு, அது முடியட்டும்” என்றார்கள்.