வெறும் குச்சிதானே

"அண்ணே, நேத்து வண்டியிலேருந்து இறக்குறப்ப பெட்டி கை நழுவிருச்சு."

என்னோடு நிலம் அளக்க வருகிற பையன் டீக்கடையில் நிற்கும்போதுதான் சொன்னான். பெட்டி என்றால் அளக்கிற மெஷின் இருக்கும் பெட்டி. நான் முதலில் கேட்டது, "பூட்டியிருந்துச்சா?" அடுத்தது, "எவ்வளவு உயரம்?" இரண்டுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னான். பூட்டியிருந்தது. இடுப்பு உயரம். கீழே தார் இல்லை, மண். மூன்றாவதாக நான் சொன்னதுதான் இன்றைக்கும் மனதுக்குள் கிடந்து அறுக்கிறது.

"என்கிட்ட சொன்னதோட சரி. வேற யார்கிட்டயும் சொல்லிக்காத."

அதைத் தப்பு என்று ஒரேயடியாக ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. முந்தின வருடம் சார்ஜர் எரிந்துபோனதற்கு இன்னொரு பையனுக்கு மூன்று மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். எரிந்தது ஜெனரேட்டர் கரண்டில். அவன் செய்த குற்றம் அதைக் கொண்டுபோய்ச் செருகியது. டோட்டல் ஸ்டேஷன் (கோணத்தையும் தூரத்தையும் அளக்கிற அந்த மெஷின்) விழுந்தது என்று ஆபீஸுக்குத் தெரிந்தால் மெஷின் சர்வீஸுக்குப் போகும், இரண்டு வாரம் வேலை நிற்கும், பில் இவன் தலையில் விடியும். தினக்கூலிக்கு வருகிறவன். அவனாக வந்து சொல்லியிருக்கிறான். சொன்னவனையே மாட்டிவிட்டால் அடுத்த தடவை யார் வாயைத் திறப்பார்கள்? அப்படித்தான் அன்று யோசித்தேன். இப்போது இதை எழுதும்போதும் அந்த யோசனையில் ஓட்டை தெரியவில்லை. ஆனால் நடந்தது வேறு.

அன்று காலையில் வேலை தொடங்கும் முன் மெஷினைச் சோதித்தேன். இதை நான் அசட்டையாகச் செய்யவில்லை என்பதற்காகவே சொல்கிறேன். ஸ்டாண்டு கால்களை நன்றாக மிதித்து ஊன்றி, லெவல் செய்து, லேசர் புள்ளியை ஆணி மேல் கொண்டுவந்து, மெஷினை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். புள்ளி ஆணியை விட்டு நகரவில்லை. முன்னூறு மீட்டருக்கு அப்பால் ஒரு கோயில் கலசம் தெரிந்தது. அதன் நுனியை ஃபேஸ் லெஃப்டில், அதாவது டெலஸ்கோப்பைக் கவிழ்க்காத நிலையில், பிடித்துப் பூஜ்யம் வைத்தேன். டெலஸ்கோப்பைக் கவிழ்த்து ஃபேஸ் ரைட்டில் அதே நுனியைப் பிடித்தால் சரியாக 180 டிகிரி வர வேண்டும். 46 விநாடி (ஒரு டிகிரியை 3600 ஆகப் பிரித்தால் ஒரு பங்கு) கூடுதலாக வந்தது. அதில் பாதிதான் மெஷினின் பிழை, 23 விநாடி. நூறு மீட்டரில் 11 மில்லிமீட்டர். இதைத் திருத்த மெஷினிலேயே ஒரு மெனு உண்டு. இரண்டு ஃபேஸிலும் பிடித்துக் கொடுத்தால் அதுவே கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளும். செய்தேன். மறுபடி பார்த்தபோது 4 விநாடிதான் வித்தியாசம். ஐந்து விநாடி மெஷினுக்கு அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

சமதரையில் பேக்சைட்டும் (திசை வைக்க முதலில் பார்க்கிற தெரிந்த புள்ளி) அளக்கும் புள்ளியும் ஒரே ஃபேஸில் எடுத்தால் இந்தப் பிழை பெரும்பாலும் தானாகவே கழிந்துவிடும். ஆக, நான் திருத்தாமல் விட்டிருந்தாலும் பெரிய கேடு வந்திருக்காது. இன்னொன்றும் உண்டு. அந்த 46 விநாடி விழுந்ததால் வந்ததா, முன்பே இருந்ததா? சொல்ல முடியாது. கடைசியாக எப்போது பார்த்தேன் என்று எந்த நோட்டிலும் நான் எழுதி வைக்கவில்லை.

அதற்கப்புறம் பையன் அந்த மெஷினைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டான். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் வண்டியில் உட்காருவான். ஸ்டாண்டோடு சேர்த்துத் தோளில் சாய்த்துத் தூக்குகிற கெட்ட பழக்கம் எங்கள் ஆட்கள் பாதிப் பேருக்கு உண்டு (எனக்கும் இருந்தது). அதை அவன் அடியோடு விட்டான். பத்தடி தள்ளி வைக்க வேண்டுமென்றாலும் கழற்றிப் பெட்டியில் வைத்துத்தான் எடுப்பான். லென்ஸில் தூசி இருந்தால் நேரே துணியைப் போடாமல் முதலில் ஊதி, பிரஷ்ஷால் தட்டிவிட்டு அப்புறம்தான் துடைப்பான். குடை பிடிக்கச் சொல்ல வேண்டியதில்லை. ஒருநாள் தூறலில் நனைந்துவிட்டது. ஆபீஸுக்குத் திரும்பியதும் பெட்டியைத் திறந்தபடி விட்டு, மெஷினை வெளியே எடுத்துத் துடைத்து ராத்திரி முழுக்க ஃபேன் காற்றில் வைத்தான். ஈரத்தோடு மூடினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும் என்று என்றைக்கோ ஒருநாள் சொன்னதை ஞாபகம் வைத்திருந்தான். எனக்குப் பெருமையாகவே இருந்தது. பார், அன்று அவனைக் காட்டிக்கொடுக்காததால் வந்த பலன் என்று நினைத்துக்கொண்டேன்.

மடியில் மெஷின். காலடியில் கடப்பாரை, மண்வெட்டி, சுத்தியல், சுண்ணாம்பு மூட்டை. அவற்றோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டிய பிரிசம் ராடு, அளக்கும் புள்ளி மேல் நிறுத்திப் பிடிக்கிற கம்பி; மெஷின் பார்க்கிற பிரிசம் கண்ணாடி அதன் உச்சியில் இருக்கும்.

மூன்று மாதம் கழித்து ஒரு பங்காளிப் பிரிவினை. ஐந்து ஏக்கர் சொச்சம். காலையில் மேற்கே நின்று பொதுவரப்பின் கற்களை எடுத்தேன். மதியம் கிழக்குப் பக்கம் மாறி அதே கற்களைச் சரிபார்த்தால், ஒன்றுகூடப் பழைய இடத்தில் விழவில்லை. எல்லாமே 30லிருந்து 35 மில்லிமீட்டர் தள்ளி. புலப்படத்தில் இருக்கும் பழைய சங்கிலி அளவோடு ஒப்பிட்டால் இது ஒரு பொருட்டே இல்லை. வயக்காட்டில் மூன்று சென்டிமீட்டரை எலி தின்றுவிட்டுப் போகும். ஆனால் வரப்பின் இரண்டு பக்கமும் இரண்டு குடும்பமும் நின்று திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு உடனே தோன்றியது டீக்கடைதான். அன்று விழுந்தது இன்று வேலையைக் காட்டுகிறது. வெயிலில் நின்று இரண்டு ஃபேஸ் சோதனையைத் திரும்பச் செய்தேன். சுத்தம். மெஷினில் வெப்பநிலையை மாற்றாமல் 15 டிகிரியிலேயே விட்டிருந்தால், 40 டிகிரி வெயிலில் கிலோமீட்டருக்கு 2 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் போகும். இங்கே இருந்தது 150 மீட்டர்தான். பிரிசம் கான்ஸ்டன்ட், அதாவது பிரிசத்துக்காகத் தூரத்தில் சரிக்கட்ட வேண்டிய மில்லிமீட்டர், 30க்குப் பதில் பூஜ்யமாக இருக்கிறதோ? அப்படியானால் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து பார்க்கும்போது 60 வந்திருக்க வேண்டும். தவிர, ஸ்டாண்டில் வைத்திருந்த பேக்சைட் பிரிசத்துக்குத் தூரம் மில்லிமீட்டர் சுத்தமாக வந்தது. ஸ்டாண்டில் வைத்த பிரிசம் சரி. கையில் பிடித்த பிரிசம் தப்பு. இது மூளையில் ஏற எனக்கு ஒரு மணி நேரம் ஆனது.

ராடை ஒரு மரத்தோடு அணைத்து, அது நேராக நிற்கிறதா என்று காட்டும் பபுளை நடுவில் கொண்டுவந்து, நுனி நகராமல் அப்படியே பாதி சுற்றுத் திருப்பினேன். பபுள் வட்டத்தை விட்டு ஓடி ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. கணக்குப் போட்டால் அரை டிகிரி சாய்வு. பயிருக்கு மேலே தெரிய வேண்டுமென்று ராடை 2 மீட்டருக்கு உயர்த்தியிருந்தோம். அந்த உயரத்தில் அது 17 மில்லிமீட்டர். பையன் எப்போதும் பிரிசத்தை மெஷினுக்கு நேரே காட்டி, பபுளைத் தன் பக்கம் வைத்துப் பிடிப்பான். அதனால் சாய்வு எப்போதும் மெஷினைப் பார்த்தே இருக்கும். மேற்கே நின்றால் மேற்கே 17, கிழக்கே நின்றால் கிழக்கே 17. ஒரே இடத்தில் நின்று அளக்கும்வரை கல்லும் கல்லும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவது போலவே தெரியும்.

"எப்ப விழுந்துச்சு?"

"அது ஆச்சுண்ணே, மூணு வாரம். கடப்பாரை மேல சரிஞ்சு பபுள்ல இடிச்சுச்சு."

"ஏன்டா சொல்லல?"

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "மெஷின் விழுந்ததுக்கே உங்களுக்கு அவ்வளவு சங்கடமாப் போச்சு. இது வெறும் குச்சிதானேன்னு விட்டுட்டேண்ணே."

இந்தப் பதிலை எத்தனை தடவை பிரித்துப் பிரித்துப் பார்த்திருப்பேன்! ஒரு சமயம், என்னைக் காப்பாற்றத்தான் அவன் பேசாமல் இருந்தான் என்று தோன்றும். நான் அவனுக்காகப் பொய்யைச் சுமந்தேன், இன்னொன்றையும் சுமக்க வைக்க வேண்டாம் என்று நினைத்திருக்கிறான். இன்னொரு சமயம், நல்ல சமாளிப்பு என்று எரிச்சல் வரும். சம்பளம் போய்விடுமோ என்ற பயத்தை எனக்குப் பிடித்த மாதிரி மடித்துக் கொடுத்துவிட்டான். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதுதான் உண்மையாக இருக்குமோ என்று பயம்: 'சொல்லிக்காத' என்று நான் சொன்னதை அவன் அன்றைய பெட்டிக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ளவில்லை. தொழிலாக எடுத்துக்கொண்டான். லென்ஸ் துடைக்கக் கற்றுக்கொண்ட மாதிரியே இதையும் கற்றுக்கொண்டான்.

குச்சி என்று அவன் சொன்னதற்கு நான் கோபப்படவும் முடியாது. அதைக் குச்சியாக வைத்திருந்தது நான். விலை கூடியதற்குப் பெட்டி, பஞ்சு, மடி. விலை குறைந்ததற்குக் கடப்பாரையின் பக்கம். அளவு இரண்டின் வழியாகவும்தான் வருகிறது. ராடு பபுளை வாரத்துக்கு ஒருமுறையாவது திருப்பிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அவனுக்குச் சொல்லித் தந்தேனா? இல்லை. பபுளுக்கு அடியிலுள்ள மூன்று ஸ்க்ரூவைத் திருகி மரத்தடியிலேயே பத்து நிமிடத்தில் சரிசெய்தேன். ஒரு பைசா செலவில்லை.

தஞ்சாவூர்ப் பக்கம் வேலைக்குப் போகும்போதெல்லாம் லாம்டன் ஞாபகம் வரும். 1802இல் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து இந்தியாவின் பெரிய முக்கோண அளவையைத் தொடங்கியவர். அவருடைய தியோடலைட், கோணம் அளக்கிற கருவி, அரை டன் எடை. 1808இல் பெரிய கோயிலில் கயிறு கட்டி மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி கோபுரத்தில் மோதி, வட்டத்தகடு நசுங்கிப்போனது. யாராயிருந்தாலும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்கள். அவர் ஆறு வாரம் போல உட்கார்ந்து, தானே தட்டி நிமிர்த்தி அதை வட்டத்துக்குக் கொண்டுவந்தார். அந்தக் கருவியை வைத்தே வேலை தொடர்ந்தது. சர்வே படிக்கிற பிள்ளைகளுக்கு இதைப் பொறுமைக்கு உதாரணமாகச் சொல்வேன். இப்போது அந்தக் கயிறைப் பிடித்திருந்தவர்கள் பக்கமே யோசனை போகிறது. முந்தின நாளே யாராவது ஒருவர் அது நைந்திருப்பதைப் பார்த்திருப்பாரா? பார்த்தும், இதைப் போய்த் துரையிடம் சொல்வதா என்று விட்டிருப்பாரா? சரி, இது என் கற்பனை.

பங்காளி வேலையை மறுநாள் முழுக்கத் திரும்ப அளந்து கொடுத்தேன். வெயிலில் மெஷின் சரியாக எடுக்கவில்லை என்று இரண்டு வீட்டாரிடமும் சொன்னேன். மெஷின் மேல் பழி போட்டால் எவரும் கேள்வி கேட்பதில்லை. ஆபீஸிலும் அதையேதான் சொன்னேன்.

ஆனால் அந்த மூன்று வாரத்தில் வேறு இரண்டு வேலை போயிருந்தது. ஒன்று ஒரு தோப்பு. திரும்பப் போய் இரண்டு கல்லை நகர்த்தினோம். இன்னொன்று 40க்கு 60 மனை. நடுவில் ஸ்டாண்டு போட்டு நான்கு மூலைக்கும் கல் ஊன்றியிருந்தேன். கருவேல முள்ளுக்கு மேலே தெரிய வேண்டுமென்று அங்கேயும் ராடு 2 மீட்டர் உயரத்தில்தான் இருந்தது. அப்படியென்றால் நான்கு கல்லும் வெளிப்பக்கமாக 17 மில்லிமீட்டர் போயிருக்கும். அன்று டேப் பிடித்துப் பார்த்தபோது அறுபதடிப் பக்கம் கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர் கூடுதலாக வந்தது ஞாபகம் இருக்கிறது. டேப் தொய்வு என்று சொல்லிக்கொண்டேன். தொய்ந்தால் கூடுதலாகத்தான் காட்டும், அதில் பிழையில்லை. ஆனால் அன்று நன்றாக இழுத்துப் பிடித்துத்தான் இருந்தோம்.

போய்ச் சேர்ந்தபோது காம்பவுண்டுச் சுவர் எழும்பியிருந்தது. பக்கத்து மனைக்குள் ஒரு சென்டிமீட்டர் போயிருந்தால் அதிகம். சுவருக்குப் பூசுகிற பூச்சே அதைவிடக் கனமாக இருக்கும். பக்கத்து மனை காலி. அதற்கு ஒருநாள் ஆள் வந்து அளந்தாலும் இந்தச் சுவரைப் பிடித்துத்தான் அளப்பார்கள். இதையெல்லாம் வண்டியிலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் ஓடிவந்தார்.

"உங்க கைராசி சார். கல்லு ஊனுன பத்தாவது நாளே செங்கல் வந்து இறங்கிருச்சு."

ஒரு சொம்பு மோர் கொண்டுவரச் சொன்னார். நின்றுகொண்டே குடித்தேன். சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்றேன். தென்மேற்கு மூலையில் என் கல்லின் தலை சுவருக்கு அடியில் பாதி தெரிந்தது. அதில் நாங்கள் வைத்த சிவப்புப் பெயிண்ட் இன்னும் மங்கவில்லை.

பையன் வண்டியை விட்டு இறங்கவில்லை. ராடை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.