சைனஸ் என்பது நோயின் பெயர் அன்று

"எனக்குச் சைனஸ் இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் தலைபாரம், மூக்கடைப்பு, குனிந்தால் நெற்றியில் வலி என்று எல்லாமே நமக்குப் புரிந்துவிடுகிறது. ஆனால் உடற்கூறியலின்படி அது "எனக்குக் காது இருக்கிறது" என்பதைப் போன்ற கூற்றுதான். வளைவு, மடிப்பு, விரிகுடா என்றெல்லாம் பொருள்படும் இலத்தீன் சொல்லாகிய சைனஸ், உடலில் இயல்பாக அமைந்த குழிவுகளைக் குறிக்கிறது. அங்கே அழற்சி ஏற்பட்டால்தான் அது சைனசைட்டிஸ் என்னும் நோயாகிறது.

நாம் அதிகம் கேள்விப்படுபவை மூக்கைச் சூழ்ந்த நான்கு இணைக் காற்றறைகள். நெற்றி எலும்பிலும், கண்களுக்கு இடையிலும், மூக்கின் பின்னே மண்டையோட்டின் ஆழத்திலும், கன்னங்களிலும் அவை உள்ளன. இவற்றுள் மிகப் பெரிதான கன்ன அறையை 1651-இல் விரிவாக விவரித்தவர் நத்தேனியல் ஹைமோர் என்னும் ஆங்கிலேய மருத்துவர். அந்த அறையின் அமைப்பு எனக்கு எப்போதும் வியப்பளிப்பது: சளி வெளியேற வேண்டிய துளை அடியில் இல்லாமல் உட்சுவரின் மேற்பகுதியில் இருப்பதால், நாம் நிமிர்ந்து நிற்கும்போது சளி தானாக வடிவதில்லை, உட்பரப்பிலுள்ள நுண்மயிர்கள்தாம் ஓயாமல் அசைந்து அதை மேல்நோக்கித் தள்ளுகின்றன. சளிப்பிடித்து அத்துளையைச் சுற்றிய சவ்வு வீங்கிவிட்டால் வழி அடைபடுகிறது. மேல்தாடைக் கடைவாய்ப் பற்களின் வேர்கள் இவ்வறையின் தரைக்கு மிக அருகில் இருப்பதால், சொத்தைப் பல்லின் சீழ் அறைக்குள் பரவுவதும், அறையின் அழற்சி பல்வலியாகத் தோன்றுவதும் உண்டு.

மூளையை மூடியுள்ள தடித்த உறையின் இரு படலங்களுக்கு இடையே உள்ள சைனஸ்களிலோ காற்றே கிடையாது. மூளையிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் அவற்றின் வழியே ஓடுகிறது. அங்கே இரத்தம் உறைவது உடனடிச் சிகிச்சை தேவைப்படும் ஆபத்து. அதற்கும் மூக்கடைப்புக்கும் பெயர் மட்டுமே பொது. கழுத்துத் தமனி கிளைக்கும் இடத்தில் சற்றே உப்பியிருக்கும் பகுதியும் சைனஸ்தான். இரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் அங்கே உள்ளமையால், இறுக்கமான சட்டைக் காலர் அதனை அழுத்தினாலே சிலருக்கு மயக்கம் வந்துவிடும்.

அறுவை மருத்துவர்கள் இச்சொல்லை வேறு பொருளில் ஆள்கிறார்கள். தோலில் ஒரு வாயும் உள்ளே முட்டுச்சந்தும் கொண்ட, நோயால் உண்டான புரையை அவர்கள் சைனஸ் என்பர். இருபுறமும் திறந்திருந்தால் அது ஃபிஸ்டுலா. ஆசனவாயருகே வரும் பவுத்திரம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

ஈசிஜி அறிக்கையில் "சைனஸ் ரிதம்" என்று கண்டு கலங்குவோரும் உண்டு. கருவின் இதயத்தில் சைனஸ் வீனோசஸ் என்றொரு பகுதி இருக்கிறது. அதன் பெயரைத் தாங்கிய சைனஸ் கணு என்னும் திசுத்திரளை 1907-இல் கீத், ஃபிளாக் என்னும் இருவர் விவரித்தனர். வலது மேலறையில் உள்ள இக்கணுவிலிருந்தே இதயத்தின் ஒவ்வொரு துடிப்பும் தொடங்குவதுதான் இயல்பு, அறிக்கை சொல்வதும் அதைத்தான். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை என்னும் வரம்புக்குக் கீழே போனால் சைனஸ் பிராடிகார்டியா என்றும், மேலே போனால் சைனஸ் டாக்கிகார்டியா என்றும் எழுதுவார்கள். முன்னது நல்ல பயிற்சியுள்ள ஓட்டக்காரர்களிடமும், பின்னது காய்ச்சலிலும் பதற்றத்திலும் சாதாரணமாகக் காணப்படுவது.