குளியலறைச் சுவரில் 250 அடி இடுக்கு

ராயபுரத்தில் உள்ள எங்கள் பழைய வீட்டில் கீழே ஒன்றும் மாடியில் ஒன்றுமாக இரண்டு குளியலறைகள் இருக்கின்றன. கீழே உள்ளதற்குச் சென்ற ஆண்டு அக்கினி நட்சத்திர வெயிலில் ஒரு மேஸ்திரியை வைத்து டைல் பதித்தோம். மாடியில் உள்ளதற்கு இந்த ஆண்டு மாசி மாதத்தில் டைல் பதித்து, அவற்றின் இடுக்குகளை அடைக்கும் வேலையை மட்டும் நானும் என் மைத்துனரும் எங்கள் கையாலேயே செய்தோம். டைல் வேலையில் பல ஆண்டுகள் பழகியவர் அவர். ஒரே அளவு டைல், இடுக்கை அடைக்க ஒரே சாம்பல் நிறக் கிரவுட் என்னும் சிமெண்ட் கலவை. ஆனால் இரண்டு சுவர்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்கள் அப்படி நம்ப மாட்டார்கள்.

கீழே நடந்தது இதுதான். காலையிலேயே நான்கு சுவர்களிலும் கிரவுட்டை மொத்தமாகப் பூசி முடித்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். திரும்பி வந்தபோது டைல்களின் முகத்தில் படிந்திருந்தது கல்லாகியிருந்தது. அதற்குப் பிறகு பட்டித் தகட்டால் சுரண்டி, பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றி, அதிலும் போகாத இடத்தில் ஆசிட் போட்டுத் தேய்த்தார்கள். அரை நாளில் முடிந்திருக்க வேண்டிய வேலை இரண்டு நாள் இழுத்தது. நான்கு மாதங்களில் இடுக்குகள் குழி விழுந்து, சில இடங்களில் வெளிறி, சில இடங்களில் உப்புப் பூத்து நின்றன. அவசரப்பட்டதால் தரம் கெட்டது என்று அப்போது நினைத்தேன். உண்மையில் அங்கே வேகமும் இருக்கவில்லை. வேலையை இழுத்தடித்த அதே செயல்கள்தான் சுவரையும் கெடுத்தன.

மாடி வேலையைத் தொடங்கும் முன் என் மைத்துனர் சொன்ன முதல் வார்த்தையே இதைப் பற்றியதுதான். "மாமா, அடைக்கறதுல நேரம் போகாது. தொடைக்கறதுலதான் போகும்."

அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. ஐந்தடிக்கு ஏழடி அறையில், ஏழடி உயரத்துக்கு, கதவு போக ஏறத்தாழ 150 சதுர அடிச் சுவர். 12 அங்குலத்துக்கு 18 அங்குல டைல் சுமார் 100. இடுக்குகளை எல்லாம் ஒரே கோடாக நீட்டினால் 250 அடி வரும். அந்தக் கோட்டின் அகலமோ வெறும் 2 மில்லிமீட்டர். அதாவது, நிரப்ப வேண்டிய பரப்பு மொத்தமாகப் பார்த்தால் இரண்டு சதுர அடிகூட இல்லை. மீதி 148 சதுர அடியில் நாம் பூசுவதை எல்லாம் நாமே திரும்பத் துடைத்தெடுக்க வேண்டும். எனவே டைலின் முகத்தில் எவ்வளவு குறைவாகப் படிகிறதோ, படிந்ததை ஈரமாக இருக்கும்போதே எவ்வளவு வழித்தெடுக்கிறோமோ, அவ்வளவு வேலை மிச்சம். தண்ணீரும் அவ்வளவு குறைவாகவே இடுக்கைத் தொடும்.

டைல் ஒட்டிய பிறகு மூன்று நாள் விட்டுவைத்தோம். அதற்குள் டைல்களுக்கு நடுவே இடைவெளிக்காகச் செருகியிருந்த ஸ்பேசர்களைப் பிடுங்கிவிட்டு, இடுக்கில் பிதுங்கி இறுகியிருந்த ஒட்டுக் கலவையைக் கத்தியால் கீறி எடுத்தோம். சலிப்பூட்டும் வேலைதான், ஆனாலும் இதைத் தவிர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. உள்ளே கலவை மேடாக நின்றால் அந்த இடத்தில் கிரவுட் மெல்லிய படலமாக மட்டுமே அமரும். முதலில் நிறம் மாறும், பிறகு உதிரும். டைலின் கனத்தில் மூன்றில் இரண்டு பங்காவது ஆழம் காலியாக இருக்க வேண்டும். பிறகு பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தோம்.

கலப்பதற்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத் தொடவில்லை. கடலை ஒட்டிய எங்கள் பகுதியில் அது உப்பு கரிக்கும் என்பது இங்கே வாழும் எல்லோருக்கும் தெரியும். சிமெண்ட் கிரவுட்டில் கரைந்த உப்பு, ஈரம் உலரும்போது மேலே வந்து வெள்ளையாகப் பூக்கும். குழாயில் வரும் மெட்ரோ வாட்டரையே பிடித்து வைத்துக்கொண்டோம். பையில் அச்சிட்டிருந்த அளவுப்படி தண்ணீரை அளந்து முதலில் ஊற்றி, மாவை அதில் கொட்டிக் கலந்தோம். பதம் என்று கேட்டால் அம்மியில் அரைத்த கெட்டித் துவையல் போல இருக்க வேண்டும். இட்லி மாவுப் பதத்துக்கு வந்துவிட்டால் தண்ணீர் அதிகம், அது உலர்ந்து சுருங்கி மயிரிழை வெடிப்பு விடும். கலந்ததைப் பத்து நிமிடம் அப்படியே வைத்துவிட்டு மறுபடி கிளறினோம். ஒரு முறைக்கு அரைக் கிலோ மட்டுமே. இறுகத் தொடங்கிய கலவையில் தண்ணீர் விட்டு இளக்குவது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. நிறம் திட்டுத் திட்டாக வருவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

இனி பூசும் முறை. ஒரு நேரத்தில் பத்துப் பன்னிரண்டு டைல்கள் மட்டும், மேலிருந்து கீழாக. ரப்பர் அடிப்பலகையின் ஓரத்தில் கொஞ்சம் எடுத்து, முகமெங்கும் பரப்பாமல், இடுக்கின் மேலேயே வைத்து அழுத்தினோம். உள்ளே முழுவதும் இறங்க வேண்டும் என்பதால் ஒரே இடத்தில் இரண்டு திசைகளிலிருந்து தள்ளினோம். அடுத்துப் பலகையை ஏறக்குறைய செங்குத்தாக நிமிர்த்திப் பிடித்து, கோட்டுக்குக் குறுக்கே, மூலைவாட்டாக, பலமாக ஒரே இழுப்பு. கோட்டோடு நேராக இழுத்தால் பலகையின் ஓரம் இடுக்குக்குள் இறங்கி நிரப்பியதை வாரிவிடும். இந்த ஓர் இழுப்பைச் சரியாகச் செய்தால் டைலின் மேல் மிஞ்சுவது ஒரு மெல்லிய படலம் மட்டுமே. என் மைத்துனர் இழுத்த சுவருக்கும் நான் இழுத்த சுவருக்கும் துடைக்கும்போது ஏறத்தாழ இரண்டு மடங்கு நேர வித்தியாசம் வந்தது. கை பழகப் பழக அது குறைந்தது.

பிறகு காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பதைக் கடிகாரம் சொல்லாது. இடுக்கின் மேல் விரல் வைத்தால் தடம் மெல்லப் பதிய வேண்டும், ஆனால் கையில் ஒட்டக் கூடாது. மாசியின் காலை நேரத்தில் எங்களுக்குக் கால் மணி நேரம் பிடித்தது. வெயில் காயும் மேற்குச் சுவரில் பத்தே நிமிடம். அதனால் அந்தச் சுவரை மதியத்துக்கு முன்பே முடித்தோம். ஸ்பாஞ்சை நீர் சொட்டாத அளவுக்குப் பிழிந்து, முதலில் வட்டமாக மெல்லத் தேய்த்து இடுக்கைச் சமப்படுத்தினோம். அடுத்து மூலைவாட்டாக ஒரு பக்கத்துக்கு ஒரே துடைப்பு, ஸ்பாஞ்சைத் திருப்பி மறு பக்கத்தால் இன்னொன்று, உடனே அலசல். அழுக்கை அலச ஒரு பக்கெட், சுத்தத் தண்ணீருக்கு ஒரு பக்கெட். அழுக்கு ஸ்பாஞ்சால் துடைப்பது துடைப்பதாகாது, மறுபடி பூசுவதாகிவிடும். நீர் சொட்டும் ஸ்பாஞ்சோ கிரவுட்டின் மேற்பரப்பிலிருந்து சிமெண்டையும் நிறத்தையும் கழுவி எடுத்துவிடும். கீழ்க் குளியலறையின் சுவரில் நான் பார்த்த குழிகளுக்கும் வெளிறலுக்கும் காரணம் இப்போது எனக்குத் தெளிவாகவே தெரிகிறது.

ஒருவர் பூசிக்கொண்டே போக, மற்றவர் பின்னால் துடைத்துக்கொண்டே வந்தால் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. ஐந்து மணி நேரத்தில் நான்கு சுவர்களும் முடிந்தன. இரண்டு மணி நேரம் கழித்து டைலின் மேல் வெண்புகை போலத் தெரிந்த மங்கலை, கடையில் கிலோ கணக்கில் விற்கும் பனியன் வேஸ்ட் துணியால் உலரத் தேய்த்ததும் போய்விட்டது. ஆசிட்டுக்கு வேலையே இருக்கவில்லை. புதிய சிமெண்ட் கிரவுட்டின் மேல் ஆசிட் ஊற்ற யாரையும் அனுமதிக்காதீர்கள் என்று இந்தப் பதிவைப் படிக்கும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன். டைலின் மேல் உள்ள கறை எந்தச் சிமெண்டால் ஆனதோ அதே சிமெண்டால் ஆனதுதான் இடுக்கும். ஆசிட் இரண்டையும் சேர்த்தே தின்னும்.

சிமெண்டுக்குப் பதில் பிசினால் ஆன எபாக்சி கிரவுட் போடலாமே என்று சிலர் கேட்டார்கள். கறையும் உப்பும் ஏறாது என்பது உண்மை. ஆனால் விலை பல மடங்கு, இறுகிவிட்டால் எடுப்பதும் மிகக் கடினம். நீர் தேங்கும் தரைக்கு மட்டும் அதைக் கை தேர்ந்தவரை வைத்துப் போட்டுக்கொண்டோம்.

சுவரும் சுவரும் சேரும் மூலைகளிலும், சுவர் தரையைத் தொடும் ஓரத்திலும், குழாய்களைச் சுற்றியும் கிரவுட்டை நிரப்பவே இல்லை. விழுந்ததையும் ஈரத்தோடு கீறி எடுத்துவிட்டோம். கட்டடம் வெயிலுக்கும் குளிருக்கும் சிறிதளவு அசையும்போது அந்த இடங்களில் சிமெண்ட் விரிசல் விடும். மூன்றாம் நாள், நன்றாக உலர்ந்த பிறகு, இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, அசைவுக்கு வளைந்து கொடுக்கும் சிலிகானை அதே நிறத்தில் வைத்து விரலால் வழித்து, அது தோல் கட்டும் முன்பே டேப்பை உரித்தோம். அதற்கு முந்தின நாள் வரை காலையும் மாலையும் இடுக்குகளின் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்து வந்தேன். ஐந்தாம் நாள்தான் ஷவரைத் திறந்தோம்.

வாங்கிய மூன்று கிலோவில் அரைக் கிலோவுக்கு மேல் மிஞ்சியது. அதைக் காற்றுப் புகாத டப்பாவில் கட்டி, பையில் இருந்த நிறப் பெயரையும் தயாரிப்பு எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டி, பரணில் வைத்திருக்கிறேன்.