திரள் கலைந்த பிறகு

புயல் கண்காணிப்பில் இரவுப் பணி பார்க்கத் தொடங்கிய புதிதில், செயற்கைக்கோள் படத்தில் கடல்மேல் பெரிய வெள்ளை மேகத் திரளைப் பார்த்தாலே எனக்குப் படபடப்பு வந்துவிடும். அகச்சிவப்புப் படத்தில் மேகத்தின் உச்சி மைனஸ் 80 டிகிரிக்குக் குளிர்ந்து, வட்டமாக விரிந்துகொண்டே போகும். அப்படி ஓர் இரவு மூன்று மணிக்கு, தாழ்வுப் பகுதி வேகமாக வலுப்பெறுகிறது என்று எழுதிவிட்டேன். விடிந்ததும் வந்த முதல் பகல்நேரப் படத்தில் திரள் ஒருபக்கம் கிடந்தது, சுழற்சியின் மையமோ நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, நூல் நூலான தாழ்மேக வரிகள் மட்டும் சுற்றிவர, மொட்டையாகத் தெரிந்தது. உயரத்தில் அடித்த காற்று இடிமேகங்களை மையத்திலிருந்து பிரித்துத் தள்ளிக்கொண்டு போயிருந்தது. அறிக்கையைத் திருத்தி அனுப்பும்போது கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

வெப்பமண்டலக் கடலில் விடியலுக்கு முந்தைய மணிநேரங்களில் இடிமேகங்கள் இயல்பாகவே பொங்கும். அதனால் எந்த மேகக் கூட்டமும் அந்த நேரத்தில் உருவாகப்போகும் புயல் மாதிரியே தெரியும். திரள் பொங்கும்போது அல்ல, அது அடங்கிய பிறகு அடியில் என்ன மிஞ்சுகிறது என்றுதான் பார்க்க வேண்டும். இதைப் படித்திருந்தேன், ஆனால் அந்தக் காலையில்தான் புரிந்தது. செயற்கைக்கோள் படத்தை வைத்துப் புயலின் வலுவை மதிப்பிடும் டுவோராக் முறையும் முதல் எண்ணைக் கொடுப்பதற்கே இடிமேகம் 12 மணி நேரமாவது நிலைத்திருக்க வேண்டும், மையம் 6 மணி நேரமாவது தெரிய வேண்டும் என்கிறது.

காற்றழுத்தத்திலும் இதே ஏமாற்று உண்டு. வெப்பமண்டலத்தில் தினமும் காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு வரை அழுத்தம் தானாகவே 3 ஹெக்டோபாஸ்கல் வரை இறங்கும், புயலே இல்லாவிட்டாலும். கடலில் மிதந்தபடி அழுத்தத்தை அளக்கும் மிதவையின் அளவு இறங்குகிறது என்று நான் போய்ச் சொல்லும்போதெல்லாம் எங்கள் மூத்த அலுவலர் ஒரே கேள்விதான் கேட்பார்: "நேற்று இதே நேரத்துக்கு எவ்வளவு?" இப்போது நானும் அதைத்தான் கேட்கிறேன். நேற்றைய பத்து மணியைவிட இன்றைய பத்து மணி 2 குறைவு, நாளை இன்னும் 2 குறைவு என்றால், படத்தில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் எனக்குத் தூக்கம் போய்விடும்.

அப்புறம் காற்று. கிழக்குக் காற்று வீசும் வட அரைக்கோளக் கடலில், சந்தேகப் பகுதிக்குத் தெற்கே போகும் கப்பல் ஒன்று மேற்கிலிருந்து காற்று என்று எழுதி அனுப்பினால், அந்த ஒரு வரி எனக்கு எத்தனையோ அழகான படங்களைவிடப் பெரிது. சுழற்சி முழுதாக மூடிக்கொண்டதற்கு அதுதான் சாட்சி. கடல்மேல் காற்றை அளக்கும் செயற்கைக்கோளும் இதைக் காட்டும், ஆனால் நமக்கு வேண்டிய இடம் பல நாள் அதன் இரண்டு பாதைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் விழுந்துவிடும்.

கடல் வெப்பம் 26.5 டிகிரிக்கு மேல், காற்று முறிவு (உயரத்துக்கு உயரம் காற்றின் வேகமும் திசையும் மாறுவது) குறைவு, நிலநடுக்கோட்டிலிருந்து 5 பாகையாவது தள்ளி, இந்தப் பட்டியல் எல்லோருக்கும் தெரியும். அவசியம்தான், ஆனால் எல்லாம் கூடிவந்தும் ஒன்றும் உருவாகாத வாரங்களே அதிகம். மறுபக்கம், 2001 டிசம்பரில் தென்சீனக் கடலில் வாமெய் என்ற புயல் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஒன்றரைப் பாகையிலேயே உருவானது. அதனால் பட்டியலில் ஒன்று குறைகிறது என்பதற்காக ஓர் இடத்தை நான் பார்க்காமல் விடுவதில்லை.

ஒருமுறை அப்படி விட்டிருக்கிறேன். மூன்று நாளாக மங்கலாகக் கிடந்த சுழற்சி அது, பெரிதாக மேகமும் இல்லை, ஆனால் ஒவ்வொரு காலையும் அதே சுழல் வரிகள் கொஞ்சம் நகர்ந்து அங்கேயே இருந்தன. நான் குறிப்பேட்டில் ஏறவே விடவில்லை. நான்காம் நாள் தாழ்வு மண்டலமாகிவிட்டது. ஆழ்கடலில் இருக்கும் படகு கரை சேர இரண்டு மூன்று நாள் வேண்டும், நான் எழுதாமல் விட்டது சரியாக அந்த மூன்று நாள். அந்த முறை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் அதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இப்போது பணி மாறும்போது ஒவ்வொரு சுழற்சிக்கும் இரண்டு வரி எழுதுகிறேன்: மையம் எங்கே, அதை நானே கண்ணால் பார்த்தேனா அல்லது ஊகித்தேனா. ஊகம் என்றால் அடுத்து வருபவர் முதலில் அங்கேதான் பார்ப்பார்.