ரெண்டு நாள்

"ரெண்டு நாள் பொறுங்கண்ணா. பாக்கி வந்ததும் நானே பாஸ்வேர்டைச் சொல்லிடறேன்."

மஞ்சக்குப்பத்து அலுவலகத்தில் எனக்கு முன்பு நெட்வொர்க் பார்த்த தம்பி போனில் சொன்னது இவ்வளவுதான். அவனுக்கு மூன்று மாதச் சம்பளம் நிலுவை. "பார்க்கிறேன் தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டு, கன்சோல் கேபிளைச் சொருகினேன். மேனேஜர் பின்னாலேயே நின்றார். ரேக் சாவி வாட்ச்மேன் நாற்காலிக்கு மேலே ஆணியில்தான் தொங்கியது.

சிஸ்கோ ரௌட்டர், அலுவலக நெட்வொர்க்கை வெளி லைனோடு இணைக்கும் பெட்டி. அதன் பாஸ்வேர்டுதான் அவனிடம் இருந்தது. அணைத்துப் போட்டு முதல் 60 விநாடிக்குள் பிரேக் சிக்னல் கொடுத்தால், பாஸ்வேர்டுக்கு முன்னால் வரும் ராம்மான் என்ற அடிப்படைத் திரை வந்துவிடும். பெட்டி எப்படி எழ வேண்டும் என்று சொல்லும் ரிஜிஸ்டர் எண்ணை 2142 ஆக்கினால் பழைய கன்ஃபிக்கை, அதாவது சேமித்து வைத்த அமைப்புகளை, படிக்காமலே எழும், பாஸ்வேர்டு கேட்காது. அதன்பின் சேமித்திருக்கும் ஸ்டார்ட்அப் கன்ஃபிக்கை, இப்போது ஓடும் ரன்னிங் கன்ஃபிக்குக்குக் காப்பி செய்ய வேண்டும். அவசரத்தில் திருப்பிச் செய்துவிட்டால் வெற்றுக் கன்ஃபிக் பழையதன் மேல் ஏறி, எல்லாம் போய்விடும். அந்த ஒரு வரியை மூன்று முறை படித்த பிறகே என்டர் தட்டினேன். புது பாஸ்வேர்டு, ஒவ்வொரு போர்ட்டையும் திறக்க நோ ஷட்டவுன், ரிஜிஸ்டர் மறுபடி 2102, சேமிப்பு. கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

பெட்டி கம்பெனியுடையது; பாஸ்வேர்டை அடகு வைக்க அவனுக்கு உரிமையில்லை. இதை இன்றும் நம்புகிறேன். ஆனால் அவன் கையில் இருந்தது அது ஒன்றுதானே?

கன்ஃபிக்கைப் படித்தபோதுதான் மனசு கேட்கவில்லை. ஒவ்வொரு போர்ட்டுக்கும் எந்த அறை, எந்த மேசை என்று குறிப்பு எழுதியிருந்தான். 'நோ சர்வீஸ் பாஸ்வேர்டு ரெக்கவரி' என்ற வரி மட்டும் இல்லை. அதைப் போட்டிருந்தால் என்னால் ராம்மானுக்குள் போயிருக்க முடியாது. கன்ஃபிக்கை மொத்தமாக அழித்தால்தான் பெட்டி கைக்கு வந்திருக்கும். இத்தனை ஒழுங்காக எழுதியவனுக்கு அது தெரியாமலா இருக்கும்? தெரிந்தே விட்டுவைத்தான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சில நாள், அவனுக்கு நினைவே வந்திருக்காது என்று சொல்லிக்கொள்கிறேன். அப்படி நினைத்தால்தான் தூக்கம் வருகிறது.

ரெண்டு நாள் பொறுத்திருக்கலாம். புது லைனை அன்றே ஓட்டியாக வேண்டும் என்றார் மேனேஜர்; உண்மைதான். ஆனால், "முதலில் அவன் பாக்கியைக் கொடுங்க சார்" என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை.

மாலையில் பஸ் பெண்ணையாற்றுப் பாலம் தாண்டும்போது அவனே கூப்பிட்டான்.

"முடிஞ்சுதாண்ணா?"

"முடிஞ்சுது தம்பி."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"குறிப்பெல்லாம் அழியலையே?"

"இல்லப்பா. அப்படியே இருக்கு."